கரடி பூசிக்கிட்ட மருதாணி

சடையம்மாங்கிற கரடிக்கு ஒரு நாள் செவப்பா ஆகணும்னு ஆசை வந்துச்சு. உடம்பு பூரா முடி, அத்தனையும் கறுப்பு. நெஞ்சுல மட்டும் மாலை போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பட்டை.

அது பங்குனி மாசம். காட்டுல முருக்க மரம் இலையே இல்லாம செவசெவன்னு பூத்துக் கெடந்துச்சு. சடையம்மா அதைப் பார்த்துச்சு. ஓடைத் தண்ணியில தன்னையும் பார்த்துச்சு. "இவ்வளவு நாள் கறுப்பா இருந்தது போதும்"னு சொல்லிச்சு.

நேரா மலை அணில் பவளத்தைத் தேடிப் போச்சு. பவளம் வாலோட சேர்த்து ரெண்டு முழம் இருக்கும். முதுகு பூரா செம்பு நிறம்.

"பவளம், நீ முடிக்கு எதைப் பூசுற?"

"நானா? எதுவும் பூசலக்கா. பொறந்ததுல இருந்தே இப்படித்தான்."

"எல்லாரும் அப்படித்தான் சொல்வீங்க."

"சத்தியமாக்கா. ஆனா பூசி விடத் தெரியும். அடிவாரத்துல மருதாணிச் செடி இருக்கு. இலையைப் பறிச்சு, கொட்டைப்பாக்கு வச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சு அரைக்கணும்."

"இதுக்கு முன்னாடி யாருக்காவது பூசி விட்டிருக்கியா?"

"ஒரு கழுதைக்குப் பூசி விட்டேன். ஊரே திரும்பிப் பார்த்துச்சு."

கழுதை என்ன நிறம்னு சடையம்மா கேக்கல. அது வெள்ளைக் கழுதை. அதைச் சொல்லணும்னு பவளத்துக்கும் தோணல.

சடையம்மாவுக்கு நாலு மாசத்துல ஒரு குட்டி இருந்துச்சு. பேரு உருண்டை. ரெண்டும் ஒரு பாறைக் குகையில இருந்துச்சுங்க. குகைக்கு முன்னாடி பெரிய வாசல். பின்னாடி ஒரு சின்னப் பொந்து, குட்டி மட்டும்தான் அதுல நுழைய முடியும். சடையம்மா எப்ப வெளிய போனாலும் உருண்டைக்கு ஒரே பாடம்தான்.

"யாரு கூப்பிட்டாலும் வரக்கூடாது. என் குரல்ல கூப்பிட்டாலும் வரக்கூடாது. இந்தக் காட்டு மைனா எல்லாரு குரல்லயும் பேசும். நெஞ்சைப் பாரு. வெள்ளையா இருந்தா அம்மா. இல்லன்னா நகராதே."

அன்னிக்குக் காலையிலயும் இதைச் சொல்லிட்டுதான் மருதாணி பூசக் கிளம்புச்சு.

பவளம் அரைச்சு வச்சிருந்ததைத் தலையில இருந்து கால் வரைக்கும் அப்புச்சு. "காயுற வரைக்கும் அசையக்கூடாதுக்கா"ன்னு சொல்லிருச்சு. கொஞ்ச நேரத்துல எறும்பு வரிசை ஒண்ணு சடையம்மா கால்ல ஏறி, வயித்து மேல நடந்து, அந்தப் பக்கம் இறங்கிப் போச்சு. கரடிக்கு எறும்புன்னா உசுரு. சடையம்மா வானத்தையே பார்த்துக்கிட்டு இருந்துச்சு.

உச்சி வெயில் சாஞ்சதும் ஓடையில இறங்கிக் கழுவுச்சு.

"என்னடி இது?"

கறுப்பு முடி கறுப்பாவே இருந்துச்சு. நெஞ்சுல இருந்த வெள்ளைப் பட்டை மட்டும் செக்கச்செவேல்னு புடிச்சிருந்துச்சு.

"வெயில்ல திரும்புங்கக்கா. ம்ம், முதுகுல லேசா செம்பட்டை தெரியுது."

"எனக்குத் தெரியலையே."

"உங்க முதுகு உங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"நெஞ்சுல இருக்கிறது கழுவினா போயிடுமா?"

"போகவே போகாது. ஒரு மாசம் நிக்கும்." பவளம் இதைப் பெருமையாச் சொல்லிச்சு.

சடையம்மா தண்ணியில ரெண்டு தடவை பார்த்துச்சு. "நெஞ்சு வரைக்கும் நல்லாதான் இருக்கு"ன்னு சொல்லிட்டு வீட்டைப் பார்த்து நடந்துச்சு.

ஓடைக்கு அந்தப் பக்கம் மூக்கையன்னு ஒரு செந்நாய் படுத்திருந்துச்சு. கூட்டத்தோட சண்டை போட்டுட்டுத் தனியா திரியுது. சாப்பிட்டு ரெண்டு நாள் ஆச்சு. நெஞ்செல்லாம் செவப்பா ஒரு கரடி போறதைப் பார்த்துச்சு. 'நல்ல அடி பட்டிருக்கு. எங்கயாவது விழும்'னு நெனச்சுப் பின்னாடியே போச்சு. கிட்டப் போய் மோந்து பார்த்தா ரத்த வாசனை இல்ல. மருதாணி வாசனை. சலிச்சுப் போய்த் திரும்பும்போது குகை வாசல்ல பேச்சு கேட்டுச்சு.

"உருண்டை, அம்மா வந்துட்டேன். வாடா."

"கொஞ்சம் நெஞ்சைக் காட்டுங்க."

காட்டுச்சு.

"செவப்பா இருக்கே."

"மருதாணிடா."

"எங்கம்மாவுக்கு வெள்ளை."

"நான்தான்டா உங்கம்மா."

"குரல் அப்படியே இருக்கு. நல்லாப் பேசுறீங்க. நீங்க மைனாவா?"

"இந்த உடம்புல மைனாவைப் பார்த்திருக்கியாடா?"

"நான் மைனாவையே பார்த்ததில்ல."

சடையம்மா உள்ள நுழைஞ்சுச்சு. உருண்டை பயந்து பின்பக்கமா நகர்ந்துச்சு. மருதாணி வாசனை குகையையே நிறைச்சுருச்சு. மோந்து பார்த்தும் குட்டிக்கு எதுவும் புரியல. குகை பின்னால போகப் போகக் குறுகும். சடையம்மாவோட தோள் பாறையில மாட்டிக்கிச்சு. கையை நீட்டிப் பார்த்துச்சு. ஒரு சாண் பத்தல.

மூக்கையனுக்கு விஷயம் புரிஞ்சுருச்சு. செந்நாய்க்கு முதுகுதான் செவப்பு, நெஞ்சு வெள்ளை. பாறையைச் சுத்திக்கிட்டுப் பின்பக்கம் ஓடுச்சு. பின்னங்கால்ல நின்னு, நெஞ்சைக் கொண்டுபோய்ப் பொந்துல வச்சுது. உள்ள இருந்து பார்த்தா பொந்து பூரா வெள்ளை.

"கண்ணு, இங்க பாரு. அம்மா வந்திருக்கேன்."

உருண்டை திரும்பிப் பார்த்துச்சு. "வெள்ளை"ன்னு சொல்லிச்சு.

"ஆமா சாமி. வா, தேன் கொண்டாந்திருக்கேன்."

"குரல் வேற மாதிரி இருக்கே?"

"சளி புடிச்சிருக்கு."

குரலை நம்பாதேன்னு அம்மாவே சொல்லியிருக்கு. அதனால உருண்டை அதைப் பெருசா எடுத்துக்கல. பொந்துப் பக்கம் ரெண்டு அடி வச்சுச்சு.

"உருண்டை, போகாதே. அது செந்நாய்."

"செந்நாய்னா செவப்பா இருக்கும்னு அம்மா சொல்லியிருக்கு. நீங்கதான் செவப்பா இருக்கீங்க."

பின்வாங்கிப் பாறையைச் சுத்தி ஓடணும்னா அதுக்குள்ள குட்டி வெளிய போயிரும். இப்படியே கெடந்தாலும் போயிரும். நான்தான் அம்மான்னு எத்தனை தடவை சொன்னாலும் நெஞ்சு செவப்புதான். ஒரு மூச்சு விட்டுட்டுச் சொல்லிச்சு.

"சரி, நான் உங்கம்மா இல்ல. என்கிட்ட வராதே. ஆனா அங்கயும் போகாதே. நடுவுல உக்காரு."

"எவ்வளவு நேரம்?"

"அந்த வெள்ளை காணாமப் போற வரைக்கும்."

"அது பொய் சொல்லுது கண்ணு. நீ வா, சீக்கிரம் வா"ன்னு பொந்துல இருந்து சத்தம் வந்துச்சு.

உருண்டை ரெண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துச்சு. ஒருத்தர் வான்னு சொல்றாங்க. ஒருத்தர் எங்கயும் வராதேங்கிறாங்க. திங்க வந்தவங்க எதுக்கு வராதேன்னு சொல்லணும்? உருண்டைக்கு இது மனசுல இடிச்சுச்சு. நடுவுல சப்புனு உக்காந்துருச்சு.

சடையம்மா தோளை வெடுக்குனு இழுத்துச்சு. ஒரு கொத்து முடி பாறையிலயே தங்கிருச்சு. அதைத் திரும்பிக்கூடப் பார்க்காம பாறையைச் சுத்தி ஓடுச்சு.

மூக்கையன் அப்பவும் பொந்துல நெஞ்சை வச்சுக்கிட்டு, "வா கண்ணு, தேன் ஆறிப் போகுது"ன்னு சொல்லிக்கிட்டு இருந்துச்சு. முதுகு இந்தப் பக்கம். சடையம்மா ஒரே ஒரு அறைதான் விட்டுச்சு. மூக்கையன் ரெண்டு புதர் தாண்டி விழுந்து, எந்திரிச்சு, நொண்டிக்கிட்டே ஓடுச்சு. அந்தக் காட்டுப் பக்கம் அப்புறம் யாரும் அதைப் பார்க்கல.

"உருண்டை, வெள்ளை போயிருச்சு பாரு."

உருண்டை பொந்து வழியா மெதுவா எட்டிப் பார்த்துச்சு. செந்நாய் ஓடின தடத்தைப் பார்த்துச்சு. வெளிய வந்து, சடையம்மா முதுகுல ஏறி, ரெண்டு கையாலயும் முடியைப் புடிச்சு இழுத்துப் பார்த்துச்சு. தினமும் புடிச்சுத் தொங்குற அதே முடி.

"முதுகு அப்படியேதான் இருக்கு. அம்மாதான்."

"அதைத்தானேடா அப்பயிருந்து சொல்றேன்."

"நெஞ்சு எப்ப பழையபடி ஆகும்?"

"ஒரு மாசம் ஆகும்."

உருண்டை இறங்கி முன்னாடி வந்து நெஞ்சை நல்லாப் பார்த்துச்சு. "அழகாத்தான் இருக்கு. அடுத்த தடவை பூசுறதுக்கு முன்னாடி சொல்லிரு"ன்னு சொல்லிச்சு.

"சொல்றேன்"னு சடையம்மா சொல்லிச்சு.

நிறத்தை மாத்திக்கிறது அவங்கவங்க இஷ்டம்தான், ஆனா அந்த நிறத்தை நம்பி வீட்டுல ஒருத்தர் காத்திருந்தா, மொதல்ல அவங்ககிட்ட சொல்லிட்டு மாத்தணும்.