தெரியாதவரோடு பேசும் விழா

பூசணிக்குளத்து மனமகிழ் மன்றத்தில் பத்தொன்பது உறுப்பினர்கள். பத்தொன்பது பேரும் தங்கமான மனுஷர்கள். புத்தியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் ஆண்டவன் அவர்களுக்குத் தாராளமாகவே கொடுத்திருந்தான்.

தினமும் சாயங்காலம் வருவார்கள். கேரம் ஆடுகிறவர் ஆடுவார், பேப்பர் படிக்கிறவர் படிப்பார். பேச்சு மட்டும் கிடையாது. பிச்சைக்கண்ணுவுக்கு எதிரில் உட்கார்ந்து பதினோரு வருஷமாகக் கேரம் ஆடுகிறவரின் பெயர் பிச்சைக்கண்ணுவுக்குத் தெரியாது. கேட்டால், "ஆட்டத்துக்குப் பேர் எதுக்கு?" என்பார்.

கட்டிடம் சௌந்தரவல்லி அம்மாளுடையது. நாலு பேர் கூடிச் சிரித்துப் பேசட்டும் என்று வாடகை வாங்காமல் விட்டிருந்தார். ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தார். கேரம் காய் குழியில் விழும் சத்தம்தான் கேட்டது.

"இதுக்காய்யா இடம் விட்டேன்?" என்றார் செயலாளர் தவசிமுத்துவிடம். "வர்ற வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு விழா வையுங்க. வடையும் பாயசமும் நான் அனுப்புறேன். ஆனா அன்னைக்குத் தெரிஞ்சவங்களோட யாரும் பேசக் கூடாது. தெரியாதவங்களோடதான் பேசணும். ஏழு மணிக்கு வருவேன். சிரிப்புச் சத்தம் கேட்கலைன்னா, சனிக்கிழமையே இடத்தைப் புண்ணாக்குக் கடைக்கு விட்டுடுவேன்."

தவசிமுத்து கணக்குப் போட்டுப் பார்த்தார். மன்றம் இல்லாவிட்டால் சாயங்காலம் வீட்டில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்தால் அவர் சம்சாரம் முருங்கைக்கீரையை ஆயச் சொல்வாள்.

"விழான்னா முதல்ல ஒத்திகை வேணும்," என்று வியாழக்கிழமையே எல்லோரையும் கூட்டினார்.

ஒத்திகை அமோகமாக நடந்தது. தெரியாதவரைத் தேடித் தேடிப் பேசினார்கள். பிச்சைக்கண்ணுவின் எதிராளி பெயர் நல்லதம்பி என்று தெரிந்தது. இரண்டு பேருக்கும் ஒரே பக்கத்து முழங்காலில் வலி என்றும் தெரிந்தது. கட்டிக்கொண்டு சிரித்தார்கள். எட்டு மணிக்குள் பத்தொன்பது பேரும் மாமன் மச்சான் ஆகிவிட்டார்கள்.

அப்போதுதான் துணைத்தலைவர் ஞானப்பழம் தலையில் கை வைத்தார். மன்றத்தின் விதிகளை அவர் மனப்பாடமாகச் சொல்லுவார். அர்த்தம் மட்டும் கேட்கக் கூடாது.

"செயலாளரே, மோசம் போயிட்டோம். இப்ப எல்லாருக்கும் எல்லாரையும் தெரிஞ்சு போச்சு. நாளைக்கு யாரோட பேசுறது?"



"மறந்துட்டா என்ன?" என்றார் நல்லதம்பி.

நல்ல யோசனையாகப் பட்டது. எல்லோரும் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து கால் மணி நேரம் மறந்தார்கள்.

"மறந்தாச்சா, பிச்சைக்கண்ணு?" என்று கேட்டார் தவசிமுத்து.

"யார் கேக்குறது, தவசிமுத்து அண்ணனா?"

"சரிதான். மறக்கலை."

"அப்போ வெளியாளுங்களைக் கூப்பிடுவோம்," என்றார் நல்லதம்பி.

ஞானப்பழம் வாசலில் தொங்கிய பலகையைக் காட்டினார். உறுப்பினர் அல்லாதவர் உள்ளே வரக் கூடாது.

"உறுப்பினரா சேர்த்துட்டுக் கூப்பிடலாமே?"

"சேரணும்னா நம்மில் ரெண்டு பேருக்கு அவரை நல்லாத் தெரிஞ்சிருக்கணும். அது விதி. தெரிஞ்சவரைச் சேர்த்து என்ன பிரயோஜனம்?"

கடைசியில் தவசிமுத்துதான் வழி கண்டார். உறுப்பினர்கள் உள்ளே நிற்பது, தெரியாதவர்கள் தெருவில் நிற்பது, நடுவில் ஜன்னல்.

வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு ஆறு ஜன்னலிலும் மூன்று மூன்று பேராக நின்றார்கள். மிஞ்சிய ஞானப்பழம் வாசலில் காவல் நின்றார். தெருவில் போன வெளியூர்க்காரர்களை எல்லாம் கூப்பிட்டு, கம்பி வழியாக வடை கொடுத்துப் பேசினார்கள்.

"ஐயா, உங்க பேரை மட்டும் சொல்லிடாதீங்க," என்று கெஞ்சினார் பிச்சைக்கண்ணு. "சொன்னா நீங்க தெரிஞ்சவர் ஆயிடுவீங்க. அப்புறம் உங்களோட பேச முடியாது."

"எங்க அப்பா பேரைச் சொல்லலாமா?"

"அது பரவாயில்லை."

தெரு முழுக்கச் சிரிப்பு. பாயசத்தைக் கம்பிக்குள் நீட்டும்போது ஒருவர் சட்டை பூராவும் கொட்டியது. அவரும் சிரித்தார்.

ஏழு மணிக்குச் சௌந்தரவல்லி அம்மாள் வந்தார். வாசலில் ஞானப்பழம் கும்பிட்டு, வாய் திறக்காமல் பலகையைக் காட்டினார். அம்மாள் உறுப்பினர் இல்லையே. அவர் ஜன்னல் பக்கம் வந்தார்.

"என்னய்யா நடக்குது இங்கே?"

பதினெட்டு பேரும் கப்சிப். அம்மாளை எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். அம்மாள் முகத்தைப் பார்த்துத் தெருவும் அடங்கிவிட்டது.

"இத்தனை நேரம் கேட்ட சிரிப்பு எங்கேய்யா போச்சு? என்னைக் கண்டதும் ஊமையாயிட்டீங்களா? இடம் வேணுமா, வேண்டாமா? ஒருத்தராவது வாயைத் திறந்து சொல்லுங்க. சொல்லலைன்னா வேண்டாம்னு எடுத்துக்குவேன்."

தவசிமுத்துவின் கண் முன்னால் முருங்கைக்கீரை கட்டுக்கட்டாக வந்து நின்றது. அம்மாளுக்கு ஒரு முழம் தள்ளி, வடை தின்றுகொண்டிருந்த ஒரு கடலை வியாபாரியைக் கைகாட்டிக் கூப்பிட்டார்.

"ஐயா, முன்னே பின்னே தெரியாதவரே, அந்த அம்மாகிட்ட எங்களுக்கு இடம் வேணும்னு சொல்லுங்க."

வியாபாரி வாயைத் துடைத்துக்கொண்டு அம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மா, இவங்களுக்கு இடம் வேணுமாம்."

"அதை அவங்க சொல்ல மாட்டாங்களாமா?"

"தெரிஞ்சவங்களோட பேசக் கூடாதுன்னு யாரோ சொல்லிட்டாங்களாம்மா."

அந்த 'யாரோ' தான்தான் என்பது அம்மாளுக்கு உறைத்தது. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்.

"வச்சுக்கச் சொல்லுப்பா. இவங்களை விட்டா புண்ணாக்குக் கடையில என்ன வேடிக்கை இருக்கு? ஆமா, நீ யாரு?"

"கடலை விக்கிற ஆவுடைங்க."

தவசிமுத்துவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. மன்றத்தைக் காப்பாற்றிய மனுஷனுக்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல வாயைத் திறந்தார். ஞானப்பழம் வாசலிலிருந்து ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார். பெயர்தான் காதில் விழுந்துவிட்டதே. ஆவுடையும் இப்போது தெரிந்தவர்.

பத்தொன்பது பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு சத்தமில்லாமல் வரிசையாகப் படியிறங்கி, பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினார்கள். ஆவுடைக்கு நன்றி சொல்ல, முகம் தெரியாத ஒருவர் ஏழரை மணி பஸ்ஸில் வராமலா போவார்?

பஸ் வந்தது. ஒரே ஒருவர் இறங்கினார். ஞானப்பழத்தின் மச்சினர். ஊரில் அவரைத் தெரியாதவர் இல்லை.

அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, பத்தொன்பது முகத்தையும் பார்த்து மனம் குளிர்ந்துபோனார்.

"என்ன மச்சான், என்னைக் கூட்டிட்டுப் போகவா இத்தனை பேர்?"

இதற்குப் பதில் சொல்லவும் ஒரு தெரியாதவர் வேண்டுமே. பத்தொன்பது பேரும் புறப்பட்டுவிட்ட பஸ்ஸுக்குப் பின்னால் ஓடினார்கள்.