கோதை கடந்த பிறகு அலறிய பெட்டி

கோவைக்கு மேற்கே, காட்டின் ஊடே ஒரு ரயில் பாதை போகிறது. பலா பழுக்கும் காலத்தில் யானைகள் அதைக் கடக்கும். சென்ற வாரம் ஒரு குட்டி தண்டவாளத்தின் நடுவில் நின்றுவிட்டது. ஓட்டுநர் தூரத்திலேயே பார்த்துவிட்டதால் பிழைத்தது. ஒவ்வொரு முறையும் அப்படி நடக்குமா? ஷமீமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பாதையோரம் புதைக்க ஒரு பெட்டியை, அவள் தலைமையிலான பொறியாளர் குழு செய்திருந்தது. யானை நடக்கும் அதிர்வை உணர்ந்து அது ரயில் ஓட்டுநரை எச்சரிக்க வேண்டும். அதற்கு ஒரு காது உண்டு: அதிர்ந்தால் ஆடும், ஸ்பிரிங் போன்ற மணலளவு சிலிக்கான் வில். மெம்ஸ் என்பார்கள். அதை அமைத்தவள் வான்மதி. மூளையோ, கடையில் வாங்கிய சாதாரண சிப். சிறிய பேட்டரி பருவம் முழுக்க நீடிக்க வேண்டுமே! அதனால் சிப் சற்று உறங்கி, விழித்து, மறுபடி உறங்கும்படி சேவியர் அமைத்திருந்தான்.

அடுத்த பருவத்துக்குள் இரண்டில் ஒன்றைத்தான் புதிதாகச் செய்ய முடியும். இன்னும் நுட்பமான மெம்ஸ் வில்லா, இந்த வேலைக்கென்றே வடிவமைத்த, மிகக் குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சொந்த சிப்பா?

சோதிப்பதற்கு முகாம் யானை கோதையைப் பாகன் சடையன் நடத்தி வந்தார். முதலில் ஜீப்பிலிருந்து வயர் வழியே பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார்கள்; சிக்கனம் தேவைப்படவில்லை. கோதையின் ஒவ்வோர் அடிக்கும் லேப்டாப் திரையில் ஒரு மேடு எழுந்தது. பிறகு வயரைக் கழற்றி, பேட்டரியில் ஓடவிட்டார்கள். அதே யானை, அதே தடம். பெட்டி மௌனமாக இருந்தது. கோதை தண்டவாளத்தைத் தாண்டிய பிறகுதான் அலறியது.

"அம்மணி, கோதை அந்தப் பக்கமே போயிட்டா. உங்க பெட்டி இப்பத்தான் கொட்டாவி விடுது!" என்றார் சடையன்.

"என் வில்லுதான் மந்தம். அதை மாத்தணும்," என்றாள் வான்மதி.

"இல்ல, என் சிப்புதான் மந்தம்," என்றான் சேவியர்.

குறை யாருடையதோ, புது வேலை அவருக்கு. அதனால்தான் இந்தப் போட்டி!

"ரெண்டு பேரும் சும்மா இருங்க," என்றாள் ஷமீமா. "தப்பா முடிவெடுத்தா, அந்தக் குட்டி அடுத்த வருஷமும் அதிர்ஷ்டத்தை நம்பித்தான் பாதையைத் தாண்டணும்."

"காது கேக்காத பெட்டிக்கு நல்ல மூளை எதுக்கு ஷமீமா?" என்றாள் வான்மதி, விடாமல்.

பிள்ளைகளே, இதுவும் நியாயமாகத்தான் தோன்றுகிறது. ஷமீமா எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும்: காதையா, மூளையையா?

விடை: மூளையை, அதாவது சொந்த சிப்பை. வயர் இருந்தபோது இதே காதுதான் ஒவ்வோர் அடியையும் கேட்டது. வயரைக் கழற்றியதும் காது மாறவில்லை. சிக்கனத்துக்காக மூளை உறங்கப் போய்விட்டது. கோதை கடந்தது அந்த உறக்கத்தில்தான். குறைந்த மின்சாரத்தில் இயங்கும் சிப் உறங்கவே வேண்டியதில்லை. முதல் முறையே திரையில் மேடு எழாமல் இருந்திருந்தால், வான்மதி சொன்னது சரியாகியிருக்கும். முடிவைக் கேட்டு அவள் முகம் வாடியது. சடையன் சிரித்தார்: "உங்க காது நல்ல காதுன்னு சொல்றாங்க அம்மணி. அதுக்குப் போய் யாராவது அழுவாங்களா?"