மாப்பிள்ளை கொண்டுவந்த ஆயில்

கரூர் மில் முதலாளி சென்னியப்பனின் டர்போ காருக்கு அன்றைக்கு ஆயில் மாற்ற வேண்டும். ஆயில் வியாபாரம் செய்யும் அவருடைய மருமகன் தாமோதரன், கடையில் விலைபோகாமல் கிடந்த லாரி ஆயில் டின்னைக் கொண்டுவந்து வைத்தார்.

"இதையே ஊத்து," என்றார் முதலாளி. "மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்."

டிரைவர் பொன்னுரங்கம் டின்னின் மேலிருந்த எழுத்தைப் படித்துப் பார்த்தான். கார் கம்பெனி சொன்ன ஆயில் வேறு. இதை ஊற்றினால் இன்ஜின் போகும், பழி அவன் தலையில் விழும். ஊற்றாவிட்டால் வேலையே போகும்.

"என்னடா, மாட்டேங்கறியா?" முதலாளியின் குரல் ஏறியது.

"ஐயோ, இல்லீங்க. பந்தியில மாப்பிள்ளைக்குப் பரிமாறின பிறகுதானுங்களே நீங்க இலையில கை வைப்பீங்க?"

சொல்லிக்கொண்டே பொன்னுரங்கம் டின்னைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்ற மாப்பிள்ளையின் காருக்குப் போனான். அது கல்யாணச் சீராக முதலாளியே வாங்கிக் கொடுத்த, அதே மாடல் கார். பானட்டைத் திறந்தான், மூடியைக் கழற்றினான், டின்னைச் சாய்த்தான்.

"டேய், நிறுத்துடா!" மாப்பிள்ளை அலறிக்கொண்டு ஓடிவந்தார். "இதை ஊத்தினா டர்போ போயிரும்டா!"

பொன்னுரங்கம் சட்டென்று டின்னை நிமிர்த்தினான். ஒரு சொட்டுகூட உள்ளே விழவில்லை.

முதலாளி தன் காரைப் பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார்.

"பந்தி முடிஞ்சுதுங்க மாப்பிள்ளை," என்றார். "டின்னை எடுத்துட்டுக் கிளம்புங்க."