சிலம்பாயியின் கையளவு

சளசளப்பு போதும், பின்வரிசையில் இருப்பவர்களும் கொஞ்சம் முன்னால் வாருங்கள். கதை தொடங்கிவிட்டது.

முன்னொரு காலத்திலே நெடுவயல் நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தான். ராஜாவுக்கு இந்தக் கதையில் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அவன் நடத்திய மல்யுத்தத்தில் கொம்பையன் என்ற மல்லனுக்கு முழங்கால் ஒடிந்தது, அவ்வளவுதான். கால் ஒடிந்த மல்லனுக்கு அரண்மனையில் ஏது சோறு? ஆனாலும் ராஜா இரக்கப்பட்டு மூன்று வருஷம் தவணை கொடுத்தான். மூன்றாம் வருஷம் தை பிறப்பதற்குள் மல்லர் குடியிருப்பைக் காலி செய்துவிட வேண்டும்.

கொம்பையனுக்கு அப்போது வயது நாற்பது. அவன் தச்சர் தெருவுக்குப் போனான். அந்தத் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. தொழில் கற்று, மார்கழிச் சபையில் ஒரு தொட்டில் செய்து காட்டித் தேறியவனுக்கு ஓர் உளி கொடுப்பார்கள், சொந்தமாக வேலை எடுக்க அதுதான் உரிமை. உளி பெற்றவனுக்குத் தெருவிலேயே ஒரு வீடும் கிடைக்கும்.

அவனைச் சேர்த்துக்கொண்டவள் அழகுநாச்சி. தகப்பனுக்குப் பிறகு பட்டறையைத் தானே நடத்தியவள். வயது இருபத்திரண்டு. பக்கத்தில் நின்றால் அவன் தோள்வரைகூட வரமாட்டாள். சிரிக்காதீர்கள்! வேலையில் அவளுக்கு நிகராக அந்தத் தெருவில் ஒருவரும் இல்லை.

ஆணி இல்லாமல் மரத்தோடு மரத்தைச் சேர்ப்பதுதான் அவர்கள் வித்தை. ஒரு கட்டையின் முனையைச் சீவி நாக்குப்போல் நீட்டுவார்கள், அதற்குக் கழுந்து என்று பெயர். இன்னொரு கட்டையில் துளை போடுவார்கள். கழுந்து துளைக்குள் போய் உட்கார வேண்டும். கேட்பதற்குச் சுலபம்தான்.

கொம்பையன் முதல் தொட்டிலைச் செய்து, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் தட்டினான். தொட்டில் கால் பிளந்தது. இரண்டாவதைத் தட்டினான். சட்டம் பிளந்தது.

"அண்ணே, மெதுவா!" என்றாள் அழகுநாச்சி.

"மெதுவாத்தானே தாயி தட்டுறேன்?"

அவள் கொட்டாப்புளியைப் பிடுங்கிப் பரணில் போட்டாள். மூன்றாவது தொட்டிலை அவன் வெறும் கையாலேயே அழுத்திச் சேர்த்தான். அழகாக இருந்தது. பத்து நாள் கழித்துப் பார்த்தால், நான்கு காலிலும் வெடிப்பு.

"சத்தியமா கையாலதான் தாயி அழுத்தினேன்!"

"உங்க கை ஊருல இருக்கிற கை இல்லண்ணே. அடுத்தவங்களுக்குச் சம்மட்டியால ஆகுறது உங்களுக்கு உள்ளங்கையாலயே ஆயிடுது. இறுக்கமா இருந்தா உங்க கைக்குத் தெரியவே தெரியாது. என்ன பண்ணப் போறீங்க?"

கொம்பையன் வீட்டுக்குப் போய்ச் சோற்றில் கைவைக்காமல் உட்கார்ந்திருந்தான். மனைவி சிலம்பாயி பன்னிரண்டு வருஷம் ஏங்கியிருந்து, தவணை முடியும் அந்த மூன்றாம் வருஷம்தான் முழுகாமல் இருந்தாள். அவனுக்கு அவளைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது. பிறகு திடீரென்று எழுந்து ஒரு கழுந்தையும் துளைக்கட்டையையும் எடுத்துவந்தான்.

"ஏ புள்ள, இதை அழுத்து."

"நானா?"

அழுத்தினாள், நுழையவில்லை. ஒரு சீவல் சீவிக் கொடுத்தான். மறுபடி அழுத்தினாள், பாதி போனது. இன்னொரு சீவல். கழுந்து சொன்னபடி கேட்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அன்று இருவரும் ஒரே தட்டில் சாப்பிட்டார்கள்.

அதுமுதல் தினமும் உச்சிவேளையில் சிலம்பாயி கஞ்சிக் கலயத்தோடு பட்டறைக்கு வருவாள். அவள் கை எதைச் சேர்க்கிறதோ அதுதான் சரியான பொருத்து. அவள் கைக்குச் சேராததை அவன் சீவுவான். இப்படியே ஒரு தொட்டில் முழுசாக முடிந்தது. அந்த ஐப்பசியில் பட்டறையில் ஒரு கட்டைகூடப் பிளக்கவில்லை.

மார்கழி வந்தது. சபையில் ஏழு பெரியவர்கள் உட்கார்ந்தார்கள். தலைவர் ஆவுடையார்.

அங்கேயும் ஒரு வழக்கம். பெண்ணைப் பெற்றவர்கள் பேறுகாலம் பார்த்து, தொட்டிலைப் பிரித்து வண்டியில் ஏற்றித்தானே புருஷன் வீட்டுக்கு அனுப்புவார்கள்? அங்கே போய் அதை மறுபடி சேர்த்து மாட்டப்போகிறவள் பிள்ளை பெற்றவள். ஆகவே ஊரில் கடைசியாகப் பிள்ளை பெற்று, பதினாறு நாள் கழிந்தவளைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே மாட்டச் சொல்வார்கள். இன்னொன்றும் உண்டு. சபையில் உளியைத் தொட்டவன் அந்த வருஷம் தோற்றவன். மறுமார்கழிக்குத்தான் வரலாம்.

அந்த வருஷம் கடைசியாகப் பிள்ளை பெற்றவள் யார் என்கிறீர்கள்? சிலம்பாயியேதான்!

ஊரே கொம்பையனுக்கு அதிர்ஷ்டம் என்றது. ஆனால் அடைமழையில் மரம் ஊறிப் பருத்திருந்தது. பெற்றவள் கையில் பழைய பலம் இல்லை. ஏழு பொருத்து சேர்ந்தது. எட்டாவது, கடைசிப் பொருத்து, பாதியில் நின்றுவிட்டது. அவள் அழுத்தினாள். மூச்சைப் பிடித்து அழுத்தினாள். நெற்றி வேர்க்க அழுத்தினாள். அசையவில்லை.

ஆவுடையாருக்கு மனசு கேட்கவில்லை. "கொம்பையா, நீயே ஒரு அழுத்து அழுத்திடு. நாங்க கொஞ்ச நேரம் வானத்தப் பாத்துக்கிறோம்" என்றார். ஏழு பெரியவர்களும் தலையைத் தூக்கி மேகத்தைப் பார்த்தார்கள்.

"மாமா, அழுத்திடுங்க," என்றாள் சிலம்பாயி மெல்ல. "நமக்கு வீடு வேணும்."

கொம்பையன் கட்டையில் உள்ளங்கையை வைத்தான். ஒரே அழுத்து போதும், வீடு அவனுடையது. பத்து நாளில் தொட்டில் கால் பிளக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். அப்போது உள்ளே யார் படுத்திருப்பார்கள்? அவன் மனைவியின் கையைப் பார்த்தான். அழுத்தி அழுத்தி அது கன்றிப்போயிருந்தது.

அவன் கையை எடுத்துவிட்டு, உளியை எடுத்தான்.

வானத்தைப் பார்த்த ஏழு தலைகளும் கீழே இறங்கின.

ஒரு சீவல் சீவினான். போதவில்லை. இரண்டாவது சீவல். இன்னும் கொஞ்சம். மூன்றாவது சீவல் வெங்காயச் சருகைவிட மெலிதாக விழுந்தது. சிலம்பாயி இரண்டு விரலால் தள்ளினாள். கழுந்து உள்ளே போய் உட்கார்ந்தது. அவள் பிள்ளையை எடுத்துத் தொட்டிலில் கிடத்தினாள். முழங்கால் ஒடிந்தபோதுகூட அழாத கொம்பையன் அங்கேயே உட்கார்ந்து அழுதான்.

"விதி விதிதான். அடுத்த மார்கழிக்கு வா," என்றார் ஆவுடையார்.  உளி கிடைக்கவில்லை.

போகிக்கு முதல்நாள் கொம்பையன் சட்டிபானைகளைக் கட்டிக்கொண்டிருந்தான். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். ஏழுமாத வயிறு. ஆவுடையாரின் சின்ன மகள்.

"அண்ணே, எனக்கொரு தொட்டில் வேணும்," என்று கையை நீட்டினாள். "இந்தக் கைக்குச் சேர்ற மாதிரி."

அவளுக்குப் பின்னால் பன்னிரண்டு பெண்கள், நீட்டிய பன்னிரண்டு கைகள்.

"எங்கிட்ட உளி இல்லையே தாயி. வேலை எடுக்க எனக்கு உரிமை கிடையாது."

அவள் விறுவிறுவென்று அப்பனிடம் போனாள். "அப்பா, உங்க தெருவுல சபைக்குக் காட்ட ஒரு தொட்டில், விக்கிறதுக்கு வேற தொட்டில். அக்கா தொட்டில மச்சான் முழங்காலால உதைச்சுத்தான் மாட்டினார். ஆடிக்குள்ள பிளந்துபோச்சு. நான் கொம்பையண்ணன்கிட்டதான் செஞ்சுக்குவேன். அவர் ஊரை விட்டுப் போறார்னா நானும் அந்த ஊருக்கே போறேன்!"

 ஆவுடையார் பெட்டியைத் திறந்து ஓர் உளியை எடுத்துத் துண்டில் மடித்துக்கொண்டு, மல்லர் குடியிருப்பை நோக்கித் தாமே நடந்தார்.

தை பிறந்தபோது சிலம்பாயி தச்சர் தெருவில் தங்கள் புது வீட்டில் பால் பொங்கவைத்தாள்.

கண்ணுகளா, இந்தக் கதை சொல்வது இதுதான்: பலசாலியின் கைக்கு எளிதாக இருப்பது போதாது, மெலிந்தவர் கைக்கு எளிதாக இருப்பதே நல்ல வேலை.