பாதி கேட்ட முள்ளம்பன்றி

“தள்ளி நிற்கிறவன்தான்…” என்று தொடங்கி ஆமைப் பெரியவர் அன்று ஏதோ சொன்னார். மீதி என்னவென்று காட்டில் யாருக்கும் நினைவில்லை.

அவர் பேசும்போது கூட்டத்தில் பாதிப் பேர் தும்மிக்கொண்டிருந்தார்கள். மற்ற பாதிப் பேர் தும்முகிறவர்களைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தார்கள். பிறகு எப்படிக் காதில் விழும்?

தும்மல் காய்ச்சல் அந்தக் காட்டுக்குள் வந்து பத்து நாள் ஆகியிருந்தது. முதலில் மான்களுக்கு வந்தது. பிறகு காட்டுப்பன்றிகளுக்கு வந்தது. கிழட்டு மிளா மான் ஒன்று செத்தே போனது. அதனால்தான் குளக்கரையில் கூட்டம் போட்டு ஆமைப் பெரியவர் ஊரடங்கு அறிவித்தார். அவரவர் வளையில் அவரவர் இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க முறை வைத்து வர வேண்டும். ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கிறவர்கள் அந்தப் பக்கம் போகவே கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் புரிந்தது. கடைசியில் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் தும்மலில் போய்விட்டது.

“தள்ளி நிற்கிறவன்தான் பந்தியில் ஏமாந்து போவான். அதைத்தான் பெரியவர் சொல்லியிருப்பார்” என்றது கரடி.

“இல்லை! தள்ளி நிற்கிறவன்தான் தும்மினவன்! பிடியுங்கள் அவனை!” என்று கத்தியது முயல். கத்திவிட்டு அதுவே ஓடியது.

முள்ளையா என்ற முள்ளம்பன்றிக்கு அந்த மீதியைப் பற்றிக் கவலை இல்லை. அவன் மண்டைக்குள் வேறொரு சொல் குடைந்துகொண்டிருந்தது.

ஊரடங்குக்கு முதல் நாள்தான் அவன் மனைவி சிலம்பாயி தலைப்பிரசவத்துக்காக ஓடைக்கு அக்கரையில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். கிளம்பும்போது சின்னச் சண்டை. கூட வந்து விட்டுவிட்டுப் போகச் சொன்னாள். “நாளைக்கு வரேன், இப்பத்தான் கிழங்கு தோண்டி எடுத்தேன்” என்றான் முள்ளையா.

“அப்ப நான் போறேன்!” என்றாள் சிலம்பாயி. முள்ளெல்லாம் கலகலவென்று சத்தம் போட, திரும்பிப் பார்க்காமல் நடந்தாள்.

போறேன்!

இந்த ஊரில் யாராவது அப்படிச் சொல்லுவார்களா? கடைக்குப் போகிறவன்கூட ‘வரேன்’ என்றுதான் சொல்லிவிட்டுப் போவான். செத்த வீட்டிலிருந்து கிளம்புகிறவன் மட்டும்தான் எதுவும் சொல்லாமல் கிளம்புவான். அவனும்கூட ‘போறேன்’ என்று சொல்லமாட்டான். மறுநாள் ஊரடங்கு. முள்ளையா வளைக்குள் படுத்துக்கொண்டு அந்த ஒரு சொல்லை மென்றான். கிழங்கு தொண்டைக்குள் இறங்கவில்லை.

முப்பது நாள் போனது.

அக்கரைக்கும் இக்கரைக்கும் சேதி கொண்டுபோகக் கருப்பாயி என்ற காகத்துக்கு மட்டும் அனுமதி இருந்தது. அதிலும் ஒரு தகராறு. காகம் கத்தினால் விருந்தாளி வருவார்கள் அல்லவா? அந்த நாளில் விருந்தாளி என்றாலே எல்லோரும் வாசலை அடைத்தார்கள். கருப்பாயி வாயைத் திறந்தாலே கல் பறந்தது.

“கத்தாதே! யாராவது வந்து தொலைக்கப் போறாங்க!”

அதனால் கருப்பாயி எல்லாச் சேதியையும் கிசுகிசுவென்று சொல்லப் பழகிக்கொண்டாள். கிசுகிசுக்கும் காகத்தை நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். நான் கேள்விப்பட்டதைச் சொல்கிறேன், அது பாதி சொல்லும், பாதி முழுங்கும்.

“அண்ணே, அண்ணி ஒரு சேதி சொல்லிவிட்டாங்க” என்று ஒருநாள் காலையில் வளை வாசலில் வந்து நின்றாள்.

முள்ளையா தலையை நீட்டினான். “என்ன சொன்னா?”

“வராதேன்னு சொன்னாங்க.”

“அவ்வளவுதானா?”

“அதுக்கு மேலயும் ஏதோ சொன்னாங்க. அதுக்குள்ள எவனோ கல்லைத் தூக்கினான், நான் பறந்துட்டேன்.”

முள்ளையா அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதலில் ‘போறேன்’. இப்போது ‘வராதே’. இதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை எப்படித்தான் சொல்வாள்?

அவன் விட்ட பெருமூச்சு அடுத்த வளை வரைக்கும் கேட்டது. அடுத்த வளையில் இருந்தவர் நரியார். ஊரடங்கு போட்ட அன்று அவர் வீட்டுக்கு மாமியாரும் மச்சினர்களும் விருந்துக்கு வந்திருந்தார்கள். அப்படியே மாட்டிக்கொண்டார்கள். இரண்டு பேர் படுக்கும் வளையில் பதினோரு பேர் இருந்தார்கள். நரியார் தன் வாலை எங்கே வைப்பது என்று தெரியாமல் வாயில் கவ்விக்கொண்டு தூங்கினார்.

அவர் வாசலில் வந்து நின்று, “என்னப்பா முள்ளையா, அழறியா?” என்றார்.

முள்ளையா நடந்ததைச் சொன்னான்.

“குடுத்து வெச்சவன்டா நீ! உன் வீட்டுல ‘போறேன்’னு சொன்னதுக்கு நீ அழறே. என் மாமியார் வாயிலேருந்து அந்த ஒரு வார்த்தையைக் கேக்க நான் ஒரு மாசமாத் தவம் கிடக்கேன்!”

உள்ளேயிருந்து ஒரு குரல் வந்தது. “மாப்பிள்ளே! வாசலை மறைச்சிக்கிட்டு நிக்காதீங்க, காத்து வரல!”

நரியார் காதை மடக்கிக்கொண்டார். பிறகு முள்ளையாவின் வளையை எட்டிப் பார்த்தார். அகலமான வளை. ஆள் இல்லாத வளை. அவன் ஒருவன் மட்டும் கிளம்பிவிட்டால் கை காலை நீட்டிப் படுக்கலாம்.

“இதோ பாரு. பொண்டாட்டி ‘வராதே’ன்னு சொன்னா உடனே வரணும்னு அர்த்தம். நேர்ல போய்ப் பேசிடு.”

“போகக்கூடாதுன்னு சட்டம் இருக்கே?”

“சட்டம் மிருகங்களுக்குத்தானே? புதருக்கு ஏது சட்டம்? மேல சேத்தைப் பூசிக்கோ. இலையைச் செருகிக்கோ. உனக்கு ஏற்கெனவே முள்ளு இருக்கு. பாதிப் புதர் நீ!”

முள்ளையாவுக்கு அது நியாயமாகப் பட்டது. கவலை மிஞ்சிப்போனால் நரி சொல்வதெல்லாம் நியாயமாகத்தான் படும்.

அன்று மாலையே ஒரு புதர் குளக்கரையை ஒட்டி நடந்து போனது. வழியில் இரண்டு முறை நின்று மூக்கைச் சொறிந்துகொண்டது. ஓடைக்குக் குறுக்கே கிடந்த மரத்துண்டுதான் பாலம். பாலத்தின் முனையில் ஆமைப் பெரியவர் காவலுக்கு உட்கார்ந்திருந்தார்.

“யாரது?”

“புதருங்க.”

“புதர் பேசுமா?”

“கேட்டா பதில் சொல்றதுதானேங்க மரியாதை.”

“முள்ளையாவா? வாடாப்பா. அங்கேயே நில்லு, பக்கத்துல வராதே.”

முள்ளையாவுக்குக் கோபம் வந்தது. “ஊரடங்கு போட்ட நீங்களே வெளியில உக்காந்திருக்கீங்க! எனக்கு மட்டும் சட்டமா?”

“நான் எங்கேடா வெளியில இருக்கேன்?” ஆமைப் பெரியவர் தன் ஓட்டைத் தட்டிக் காட்டினார். “வீட்டுக்குள்ளதானே இருக்கேன்!”

முள்ளையா அந்த ஓட்டை மேலும் கீழும் பார்த்தான். அவன் குரல் இறங்கிவிட்டது.

“பெரியவரே, அன்னைக்குக் கூட்டத்துல ‘தள்ளி நிற்கிறவன்தான்’னு ஏதோ சொன்னீங்களே. அதுல மீதி என்னங்க?”

ஆமைப் பெரியவர் கண்ணை மூடினார். வெகுநேரம் யோசித்தார். தூங்கிவிட்டாரோ என்று முள்ளையா பயந்தான்.

“நான் அப்படியா சொன்னேன்? நல்லாத்தான் சொல்லியிருக்கேன். மீதி மறந்துபோச்சுடா. வயசாச்சில்ல?”

“அப்ப நான் என்ன செய்ய?”

“நீ ஓடினா உன்னைத் துரத்திப் பிடிக்க என்னால ஆகாது. நான் ஆமை. இந்தக் காவலே உங்களை நம்பித்தான்டா நடக்குது. யோசிச்சுக்கோ.”

முள்ளையா யோசித்தான். ‘போறேன்’ என்ற குரல் காதில் கேட்டது. ‘வராதே’ என்ற கிசுகிசு கேட்டது. அவன் மரத்துண்டின் மேல் ஏறிவிட்டான்.

ஒடுக்கமான மரம். கீழே தண்ணீர். பாதி தூரம் போயிருப்பான்.

“ஹச்!”

தும்மிய வேகத்தில் செருகியிருந்த இலையெல்லாம் பறந்து ஓடையில் விழுந்தது. முள்ளையா அசையாமல் நின்றான். இது இலைத் தூசியா? காய்ச்சலா? அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஒரு வழியும் இல்லை.

அப்போது அக்கரையில் கலகலவென்று முள் சத்தம் கேட்டது.

“ஏங்க! அங்கேயே நில்லுங்க!”

சிலம்பாயி! அவளுக்குப் பின்னால் கைப்பிடி அளவில் இரண்டு உருண்டைகள் தட்டுத்தடுமாறி வந்தன.

“நம்ம குட்டிங்களா?” என்று கழுத்தை நீட்டிப் பார்த்தான் முள்ளையா.

“பின்னே யாரு குட்டிங்க? ஒரு ஆணு, ஒரு பொண்ணு. முள்ளெல்லாம் இன்னும் புல்லு மாதிரி இருக்கு. கருப்பாயிகிட்ட சொல்லிவிட்டேனே! குட்டி பிறந்திருக்கு, நீங்க இப்ப வராதீங்க, காய்ச்சல் அடங்கினதும் நாங்களே வரோம்னு!”

“எனக்கு ‘வராதே’ மட்டும்தான் வந்து சேர்ந்துச்சு.”

“அட கூறுகெட்ட காக்கா!”

மரக்கிளையில் உட்கார்ந்திருந்த கருப்பாயி வேறு பக்கம் பார்த்தாள்.

முள்ளையா ஒரு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைக் கேட்டுவிட்டான். “அது இருக்கட்டும். அன்னைக்கு ஏன் ‘போறேன்’னு சொன்னே?”

“கோவத்துல சொன்னேன். நாலு எட்டு வெச்சதும் மனசு கேக்கல. ‘சரி, போயிட்டு வரேங்க’ன்னு சத்தமாச் சொன்னேனே!”

“சொன்னியா?”

“சொன்னேன்! நீங்க கறக்கு மொறக்குன்னு கிழங்கு மென்னுக்கிட்டிருந்தீங்க. இடியே விழுந்தாலும் உங்களுக்குக் கேக்குமா?”

ஆமைப் பெரியவர் தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். ஓடு மட்டும் குலுங்கிக் குலுங்கி ஆடியது.

உருண்டைகளில் ஒன்று மரத்துண்டின் மேல் கால் வைத்தது. அப்பனிடம் வரப் பார்த்தது. முள்ளையா பதறிப்போனான்.

“பிடி அவனை! நான் இப்பத்தான் தும்மினேன்!”

சிலம்பாயி குட்டியின் கழுத்தைக் கவ்வி இழுத்தாள். அவளும் நான்கடி பின்னால் போனாள்.

“சாப்பிடறீங்களா?” என்று கேட்டாள் பிறகு.

“இனிமே சாப்பிடுவேன்” என்றான் முள்ளையா.

திரும்பலாம் என்று பார்த்தான். ஒடுக்கமான மரத்தில் முள்ளோடு திரும்ப இடமில்லை. அதனால் பின்பக்கமாகவே நடந்தான். ஒவ்வொரு அடியாக, முகம் அக்கரையைப் பார்த்தபடியே. பாலம் முடிந்த பிறகும் அவன் திரும்பவில்லை. குளக்கரை முழுவதும் பின்பக்கமாகவே நடந்தான். சிலம்பாயி ஒரு புள்ளியாகத் தெரிகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே வந்தான். வளைக்குள்ளும் அப்படியே நுழைந்தான்.

“அய்யோ! அம்மா! செத்தேன்!”

உள்ளே நரியார் கை காலை நீட்டிப் படுத்திருந்தார். மூக்கில் ஒன்று, தோளில் மூன்று, சொல்லக்கூடாத இடத்தில் ஐந்து முள்ளோடு வெளியே பாய்ந்தார்.

பக்கத்து வளையிலிருந்து மாமியார் எட்டிப் பார்த்தாள். “அடடா, முள்ளு குத்திடுச்சா மாப்பிள்ளே! வாங்க, ஒவ்வொண்ணாப் பிடுங்கி விடறேன். இந்த நிலைமையில உங்களை விட்டுட்டு நான் எங்கே போவேன்? இன்னும் ஒரு மாசம் இருந்து பாத்துட்டுத்தான் கிளம்புவேன்!”

நரியார் ஊளையிட்டார். அது வலியால் இல்லை.

மறுநாள் காலையில் முள்ளையா வளை வாசலில் உட்கார்ந்து கிழங்கு தின்றுகொண்டிருந்தான். கருப்பாயி தயங்கித் தயங்கி வந்து கிளையில் உட்கார்ந்தாள்.

“மன்னிச்சிடுங்க அண்ணே” என்று கிசுகிசுத்தாள்.

“என்னது? கேக்கல.”

“மன்னிச்சிடுங்கண்ணே!”

“இன்னும் சத்தமா! கத்து கருப்பாயி, நல்லாக் கத்து! என் வீட்டுக்கு ஆள் வர வேண்டியிருக்கு!”

ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த தொண்டை அது. கருப்பாயி கத்திய கத்தலில் வளைகளிலிருந்து ஒவ்வொரு தலையாக வெளியே நீண்டது. முயல் கல்லைத் தூக்கியது. யாரையோ நினைத்துக்கொண்டு, பிறகு மெதுவாகக் கீழே வைத்தது. “இன்னொரு தடவை கத்தேன்” என்றது கரடி. ஆளாளுக்கு யாரோ வர வேண்டியிருந்தார்கள்.

நான்காம் நாள் மாலையில் ஆமைப் பெரியவர் வந்து சேர்ந்தார். முள்ளையா தும்மிய அன்றைக்கே பாலத்திலிருந்து கிளம்பியவர்தான்.

“முள்ளையா! காய்ச்சல் இறங்கிடுச்சு. வளை வளையா விசாரிச்சுட்டுத்தான் வந்தேன், அஞ்சு நாளாப் புதுசா யாருக்கும் வரல. நாளைக்குக் காலையில பாலம் திறக்குது.”

எல்லா வளைகளிலும் ஆரவாரம் எழுந்தது.

“அப்புறம் அந்த மீதி நினைப்பு வந்துடுச்சுடா. வழியெல்லாம் அதைத்தான் யோசிச்சுக்கிட்டு வந்தேன். ‘தள்ளி நிற்கிறவன்தான்…’” என்று தொடங்கினார். ஆரவாரத்தில் மீதி யாருக்கும் கேட்கவில்லை.

முள்ளையாவும் கேட்கவில்லை. அவன் கால் நகத்தால் மண்ணில் கோடு கிழித்து, தும்மியதிலிருந்து எத்தனை நாள் ஆயிற்று என்று எண்ணிக்கொண்டிருந்தான். நான்கு கோடுதான் வந்தது. தும்மியவனிடமிருந்து காய்ச்சல் அடுத்தவருக்கு ஒட்டுவதாக இருந்தால் பதினான்கு நாளுக்குள் ஒட்டும்.

பாதி கேட்ட பேச்சுக்கு மீதியைப் பயம் இட்டுக்கட்டும், பொறுத்திருப்பவனுக்குத்தான் முழுப் பேச்சும் வந்து சேரும்.

முள்ளையா இன்னும் பத்து நாள் கழித்துப் பாலத்தைக் கடப்பது என்று முடிவு செய்தான்.