பொட்டு வைத்தது வாசலைத் தாண்டாது

கோயம்புத்தூரில், ஒண்டிப்புதூரைத் தாண்டி, பாப்பம்மாள் திருமண மண்டபம் என்று ஒன்று இருந்தது. நல்ல ராசியான மண்டபம்தான். ஆனால் கார் நிறுத்த இடம் கிடையாது. கார் நிறுத்த இடமில்லாத மண்டபத்தில் இந்தக் காலத்தில் காதுகுத்துகூட நடக்காதே! அதனால் கல்யாணங்கள் வேறு பக்கம் போய்விட்டன. சும்மா கிடந்த மண்டபத்தை ‘நீள்வட்டம்’ என்கிற ஓவியக் கூடம் வாடகைக்கு எடுத்துக்கொண்டது.

மண்டபத்தோடு அண்டா குண்டா, ஜமுக்காளம், நாற்காலி எல்லாம் வந்தது. கூடவே நாலு ஆட்களும் வந்தார்கள்.

மேனேஜர் சென்னியப்பன். முழுக்கைச் சட்டை, நெற்றியில் ரூபாய்க் காசு அகலத்துக்குக் குங்குமம். சமையல்கட்டுக்கு மருதாசலம், மேடை அலங்காரத்துக்கு நாச்சிமுத்து, வாசலுக்கு ஆறுச்சாமி. நாலு பேருக்கும் கல்யாணத்தைத் தவிர இந்த உலகத்தில் வேறொன்றும் தெரியாது. தங்கமான மனுஷர்கள். சொன்ன வேலையைச் சொன்னபடி செய்வார்கள். ஒரு நூல் கூட்ட மாட்டார்கள், ஒரு நூல் குறைக்க மாட்டார்கள். வம்பே அங்கேதான் இருந்தது.

ஓவியக் கூடத்தை நடத்துகிற யாமினி மேடத்துக்கு அது பத்தாம் ஆண்டு. புது இடத்தில் பத்து ஓவியர்களைச் சேர்த்துக் குழுக் கண்காட்சி வைப்பதாக ஏற்பாடு. படம் மாட்டுவதற்கு மெட்ராஸிலிருந்து பழகிய ஆட்களை வரவழைக்கப் போகிறேன் என்று அவர் சொன்னதும் சென்னியப்பன் பதறிக்கொண்டு எதிரே வந்து நின்றார். மீசை முளைக்கும் முன்னால் இந்த மண்டபத்துக்கு வந்தவர் அவர். இதன் ஜன்னல்களைத் தன் கையால் சாத்தினால்தான் ராத்திரி அவருக்குத் தூக்கமே வரும். இந்த மண்டபத்தை விட்டு எங்கே போவது?

“மேடம், எங்களை வெளிய அனுப்பிராதீங்க. நீங்க எள்ளுன்னா நாங்க எண்ணெய்யா நிப்போமுங்க.”

மேடம் கொஞ்சம் யோசித்தார். “சரி. ஒரு படத்துலகூட ஒரு கீறல் விழாம தொடக்க விழா முடிஞ்சா, நீங்க நாலு பேரும் இங்கயே இருக்கலாம். கீறல் விழுந்துச்சுன்னா மறுநாளே மெட்ராஸ் ஆளுங்கதான்.”

“விழாதுங்க மேடம். ஒரே ஒரு சந்தேகமுங்க. பொண்ணு வூடு எது, மாப்ள வூடு எது?”

“குழுக் கண்காட்சிங்க இது! எல்லாரும் நம்ம வீடுதான்” என்று சிரித்தார் மேடம்.

சென்னியப்பன் வெளியே வந்து மற்ற மூவரிடமும் விஷயத்தைச் சொன்னார். “சொந்தத்துக்குள்ளயே பேசி முடிச்சுட்டாங்களாட்ட இருக்குது.”

விழாவன்று காலையில் படங்கள் வந்து இறங்கின. ஓவியர்களை அழைத்து வர மேடம் ரயில்வே ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். காரில் ஏறும்போது, “கண்ணுக்கு நேரா மாட்டுங்க. யாரும் படத்தைத் தொடக்கூடாது, ஞாபகம் இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார் மறைந்ததும் சென்னியப்பன் கூட்டம் போட்டார்.

“யாரும் தொடக்கூடாதுன்னுட்டாங்க. யாருமுன்னா யாரு?”

“விழாவுக்கு வர்றவங்களா இருக்குமுங்கண்ணா” என்றார் நாச்சிமுத்து.

“வர்றவங்கன்னு சொன்னாங்களா?”

“சொல்லலீங்க.”

“அப்பறம் நீயா எதுக்குச் சேர்க்கறே? யாருமுன்னா யாரும்தான். நீயும் யாரும்தான், நானும் யாரும்தான்.”

ஆறுச்சாமி சாக்கு சுற்றிய படங்களையும் வெறுஞ்சுவரையும் மாறி மாறிப் பார்த்தார். “தொடாம எப்படிங்கண்ணா மாட்டறது?”

நாலு பேரும் தலையைக் குனிந்து யோசித்தார்கள். கடைசியில் மருதாசலம்தான் நிமிர்ந்தார். “இத்தன வருசமா சோறு போடறோம். ஒரு நாளாவது சோத்தைக் கையில தொட்டிருப்போமா?”

“அட என்ர சாமி!” என்றார் சென்னியப்பன்.

சமையல்கட்டிலிருந்து சாதம் கிண்டுகிற பெரிய சட்டுவங்கள் வந்தன. ஒவ்வொன்றின் வாயிலும் பட்டுத்துணி சுற்றினார்கள். கீழே கல்யாண மெத்தைகளை விரித்துப் போட்டார்கள். இரண்டு பேர் படத்தைச் சட்டுவத்தால் தூக்க, ஒருவர் ஏணியில் நின்று கரண்டிக் காம்பால் கொக்கியில் மாட்ட, சென்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கீழே நின்றார். மூன்றாவது படம் வழுக்கியது. சென்னியப்பனுக்கு உயிரே போய் உயிர் வந்தது. படம் மெத்தையில் மல்லாந்து விழுந்து, புது மாப்பிள்ளைபோல் சௌகரியமாகக் கிடந்தது. குனிந்து மோந்து பார்க்காத குறையாகப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

அடுத்து, கண்ணுக்கு நேராக என்றால் யார் கண்ணுக்கு நேராக? ஆறுச்சாமி தென்னை உயரம். மருதாசலம் அவருடைய மார்புக்கு வருவார்.

“என் கண்ணுக்கு மாட்டுங்க. குட்டையானவங்க எம்பிப் பார்க்கட்டும்.”

“எம்பறதா? சம்பந்தி வூட்டுக்காரரை எம்பச் சொல்லுவியாடா நீ? என் கண்ணுக்கு மாட்டு, நெட்டையானவங்க குனியட்டும்.”

“வந்தவங்களைக் குனிய வெச்சா மரியாதையா?”

சண்டை முற்றியபோது சென்னியப்பன் கையை உயர்த்தினார். “பொண்ணு குட்டையா இருந்தா நாம மாப்ளையவா வெட்டறோம்? பொண்ணுக்குக் கீழ மணையப் போடறோம்.”

அதற்கு மேல் பேச என்ன இருக்கிறது? எல்லாப் படங்களையும் சென்னியப்பன் கண்ணுக்கு நேராக மாட்டினார்கள். ஒவ்வொரு படத்துக்கும் எதிரே ஒரு மணைப்பலகையும் ஒரு நாற்காலியும் போட்டார்கள். குட்டையானவர் பலகையில் ஏறிக்கொள்ள வேண்டியது, நெட்டையானவர் உட்கார்ந்துகொள்ள வேண்டியது.

மத்தியானம் திரும்பி வந்த மேடம் அசந்து போனார். இத்தனை நேராக எந்த மெட்ராஸ் ஆளும் மாட்டியதில்லை. சந்தோஷத்தில், மேடைக்கு எதிரே இருந்த பெரிய நீலப் படத்தைக் காட்டி, “வர்றவங்க கண்ணு மொத்தமும் இதுமேலதான் விழணும்” என்று சொல்லிவிட்டார்.

சென்னியப்பனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஊர்க் கண்ணு மொத்தமும் ஒண்ணு மேலேயா! கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதே! கண்ணடியில் கீறல் விழுந்தால் யார் பொறுப்பு? ஓடினார் மார்க்கெட்டுக்கு. அரை மணி நேரத்தில் நீலப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு பூசணிக்காய் தொங்கியது. முழித்த கண்ணும் முறுக்கு மீசையும் நாச்சிமுத்து கைவண்ணம்.

மேடம் அதைப் பார்க்கவில்லை. அவர் சிவப்பு ஸ்டிக்கர்களை வைத்துக்கொண்டு கடைசிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். “படம் வித்தா பக்கத்துல சிவப்புப் பொட்டு வைக்கணும். பொட்டு வெச்சா வித்தாச்சுன்னு அர்த்தம். பொட்டு வெச்சது எதுவா இருந்தாலும் சரி, கண்காட்சி முடியிற வரைக்கும் வாசலைத் தாண்டக்கூடாது. யார் சொன்னாலும் விடாதீங்க. அப்பறம் வர்றவங்களை நல்லபடியா வரவேத்து உள்ள அனுப்புங்க.”

“எதுவா இருந்தாலும்” என்று ஆறுச்சாமி ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. மில் முதலாளிகள், டாக்டர்கள், காலேஜ் பிள்ளைகள், பத்திரிகைக்காரர்கள். வாசலில் நாச்சிமுத்து பன்னீர் தெளித்தார், சந்தனம் நீட்டினார், கல்கண்டு கொடுத்தார். வந்த ஒருவர் விடாமல் நெற்றியில் கட்டை விரலால் குங்குமத்தை அழுத்தினார். வாசலில் கும்பிட்டுக்கொண்டு நின்ற யாமினி மேடத்துக்கும் ஒன்று. பக்கத்திலேயே ஆறுச்சாமி, வருகிறவர்களை மேலும் கீழும் பார்த்து, “நீங்க மணைங்க. நீங்க நாற்காலிங்க. நீங்க வெறுந்தரைங்க” என்று தரம் பிரித்து அனுப்பினார்.

பூசணிக்காய்க்கு முன்னால்தான் பெரிய கூட்டம். குறுந்தாடிக்காரர் ஒருவர் நகராமல் நின்றார்.

“இதை என்ன செய்யப் போறீங்க?”

“நாளைக்கு முச்சந்தியில போட்டு ஒடைச்சுருவோமுங்க” என்றார் மருதாசலம்.

“அடடா! படைச்சவங்களே அழிக்கறாங்க!” என்று அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நீலப் படத்தைப் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் வாங்கினார். தேங்காய் நார்த் தொழில், தாட்டியான, கனத்த ஆள். சென்னியப்பன் பயபக்தியோடு படத்துக்குப் பக்கத்தில் ஸ்டிக்கர் ஒட்டினார். பொள்ளாச்சிக்காரர் மனைவியோடு கிளம்பி வாசலுக்கு வந்தார். ஆறுச்சாமி மூங்கில் கழியைக் குறுக்கே நீட்டினார்.

“போக முடியாதுங்க.”

“ஏனப்பா?”

“பொட்டு வெச்சிருக்குதுங்களே. வித்தாச்சுங்க.”

“யாரை? என்னையா? நான்யா படத்தை வாங்கினவன்!”

“அதே விலைக்கு உங்களையும் யாராவது வாங்கியிருப்பாங்கங்க. எனக்கு அந்த விவரமெல்லாம் தெரியாதுங்க.”

பின்னால் ஒவ்வொருவராக வந்து சேர, வாசல் அடைத்துக்கொண்டது. எல்லார் நெற்றியிலும் பொட்டு. ஆறுச்சாமி சத்தம் போட்டார். “ண்ணா! மொத்தமும் வித்துப் போச்சுங்கண்ணா!”

சென்னியப்பன் ஓடிவந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. முதல் நாளே இப்படி ஒரு வியாபாரமா!

“இந்தப் பொட்டை அழிச்சுட்டா விடுவியல்ல?” என்று பொள்ளாச்சிக்காரர் கைக்குட்டையை எடுத்தார்.

“அய்யய்யோ, வேண்டாமுங்க! கீறல் விழுந்துருமுங்க!” சென்னியப்பன் அவர் கையைப் பிடிக்கப் பாய்ந்தார், பாதியில் நின்றார். விற்ற பொருள். தொடக்கூடாது. “சட்டுவம்! சட்டுவத்தைக் கொண்டாங்கடா!”

பட்டுத்துணி சுற்றிய சட்டுவத்தால் பொள்ளாச்சிக்காரரின் கையை மெல்ல இறக்கி வைத்தார்கள். அவர் தன் மனைவியிடம், “நீயாவது அழிச்சுட்டு வெளிய போயி டிரைவரைக் கூப்புடு” என்றார்.

“நல்லாருக்குதே நாயம்! கட்டுனவன் கல்லுக்குண்டாட்ட முன்னால நிக்கறப்ப நான் எதுக்குங்க பொட்டை அழிக்கோணும்?” என்று அந்த அம்மா ஒரே போடாகப் போட்டார். சுற்றி நின்ற பெண்கள் எல்லாரும் அதையே சொன்னார்கள்.

சத்தம் கேட்டு யாமினி மேடம் ஓடி வந்தார். “ஆறுச்சாமி! என்ன இது? எல்லாரையும் விடுங்க!”

ஆறுச்சாமி மேடத்தின் நெற்றியைப் பார்த்தார். சென்னியப்பனைத் தனியே அழைத்தார். “ண்ணா, மேடமும் வித்தாச்சாட்ட இருக்குது. வித்த பொருள் பேச்சைக் கேட்டு வித்த பொருளை விடலாமுங்களா?”

சென்னியப்பன் கன்னத்தில் கை வைத்தார். கடினமான கேள்வி. “யார் சொன்னாலும் விடாதீங்கன்னு சொன்னது யாரு?”

“மேடந்தானுங்க.”

“அப்ப அவங்களுக்குப் பொட்டு இருந்துச்சா?”

“இல்லீங்க.”

“பொட்டு இல்லாதப்பச் சொன்னதுதான் செல்லும்.”

மேடம் தலையில் அடித்துக்கொண்டார். உள்ளே குழந்தைகள் அழ ஆரம்பித்தன. ஒரு டாக்டர் ஆஸ்பத்திரியில் ஆள் காத்திருக்கிறது என்று கெஞ்சினார். அப்போது மறுபடியும் மருதாசலம்தான் நிமிர்ந்தார். அந்த நாலு பேரில் அவர்தான் மூளைக்காரர்.

“ண்ணா, வாசலைத் தாண்டக்கூடாதுன்னுதான சொன்னாங்க? செவுத்தைத் தாண்டக்கூடாதுன்னு சொல்லவே இல்லியே!”

இரண்டு நிமிஷத்தில் மதில்சுவரில் ஏணி சாத்தியாயிற்று. ரோட்டுப் பக்கம் கல்யாண மெத்தைகளை அடுக்கினார்கள். பட்டுப்புடவைகளும் கோட்டு சூட்டுகளும் வரிசையில் நின்று ஏறின. முதலில் முனகினார்கள். டாக்டர் உச்சியிலிருந்து மெத்தையில் ‘தொம்’ என்று விழுந்து உருண்டதும் யாரோ ஒருவர் சிரித்தார். அவ்வளவுதான், அது பற்றிக்கொண்டது. பொள்ளாச்சிக்காரர் மதில்மேல் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அவர் மனைவி புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, “ஒதுங்குங்க, ஒதுங்குங்க!” என்று குதித்தார். தலை நரைத்த சிற்பி ஒருவர் குதித்துவிட்டு, வாசல் வழியாக உள்ளே வந்து, நாச்சிமுத்துவிடம் இன்னொரு பொட்டு வாங்கிக்கொண்டு மறுபடியும் ஏறினார். இப்படி ஒரு தொடக்க விழாவைத் தன் வாழ்நாளில் கண்டதில்லை என்று குறுந்தாடிக்காரர் சுவர் உச்சியிலிருந்து கத்தினார்.

எல்லாரும் போனபின் மேடம் ஒவ்வொரு படமாகப் பார்த்துக்கொண்டு வந்தார். சென்னியப்பன் கைகட்டிப் பின்னாலேயே வந்தார். ஒரு கீறல், ஒரு விரல் தடம், ஒன்றுமே இல்லை. மேடம் மணைப்பலகையில் உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

“சென்னியப்பன், நீங்க எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருங்க” என்று சொல்லிவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவரும் ஏணியில் ஏறினார்.

சென்னியப்பனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. ஜன்னல்களைச் சாத்தினார். வீட்டுக்குப் போகலாம் என்று வாசலுக்கு வந்தார். கழி குறுக்கே நீண்டது.

“ண்ணா, பொட்டு” என்றார் ஆறுச்சாமி தயங்கித் தயங்கி.

சென்னியப்பன் நெற்றியைத் தடவிப் பார்த்தார். அடக் கடவுளே! “செரிதான் ஆறுச்சாமி. உன்னாட்டக் காவக்காரன் கிடைக்க மாட்டான்.”

“ஏணி வேண்ணாப் போடட்டுங்களா?”

“மேனேஜர் செவுரேறிக் குதிக்கறதா? அதுவுமில்லாம, இங்கயே இருங்கன்னு மேடம் சொல்லிட்டாங்க.”

திரும்பி உள்ளே போனார். நீலப் படத்துக்கும் பூசணிக்காய்க்கும் நடுவில் இடம் இருந்தது. அங்கே போய் நின்றார்.

மறுநாள் காலையில் கூட்டம் வந்தது. காலேஜ் பெண் ஒருத்தி சென்னியப்பனைச் சுற்றிச் சுற்றி வந்து, விலை என்ன என்று கேட்டாள்.

“பொட்டைப் பாருங்க அம்மிணி” என்றார் ஆறுச்சாமி. “வித்தாச்சு.”

பத்து மணி வாக்கில் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்தார் தெய்வாத்தாள். சென்னியப்பன் வீட்டுக்காரம்மா. “ஏனுங்க, ராத்திரி வூட்டுக்கு வராம இங்க என்ன பண்றீங்க?”

சென்னியப்பன் பேசவில்லை. படம் பேசுமா?

“அக்கா, எட்ட நில்லுங்க. தொடக்கூடாது” என்றார் ஆறுச்சாமி. “வாங்குனவங்களுக்குத்தான் குடுப்போமுங்க.”

“வாங்குனவளே நாந்தானப்பா! இதே மேடையில ஊரைக் கூட்டி எங்கப்பன் எனக்கு வாங்கிக் குடுத்தாரு. நீதான அன்னிக்கும் வாசல்ல நின்னே?”

ஆறுச்சாமிக்கு ஞாபகம் வந்தது. “அப்பச் செரிங்க. உங்களுதுதான். ஆனா கண்காட்சி முடிஞ்சாத்தான் எடுத்துட்டுப் போக முடியுமுங்க. மாசக் கடைசி ஆகும்.”

தெய்வாத்தாள் புருஷனை உச்சி முதல் பாதம் வரை பார்த்தார். அவர் காப்பி கேட்கவில்லை. ரசத்தில் உப்பு தூக்கல் என்று சொல்லவில்லை. சட்டையை எங்கே வைத்தாய் என்று கத்தவில்லை.

“மாசக் கடைசி வரைக்கும் இப்படித்தான் பேசாம நிக்குமா?”

“நிக்குமுங்க.”

“அவசரமில்ல தம்பி. மெதுவாவே அனுப்புங்க. கீறல் மட்டும் விழாமப் பார்த்துக்கங்க” என்றார் தெய்வாத்தாள். தூக்குப்போசியை மணைப்பலகையில் வைத்தார். இரண்டு எட்டு போனவர் திரும்பி வந்து, மருதாசலத்திடமிருந்து சட்டுவத்தை வாங்கி, கையால் தொடாமல், கோணியிருந்த சென்னியப்பனின் காலரை நேராக்கி வைத்துவிட்டுப் போனார்.