சேற்றைக் கிளறிய அட்டை

குளத்து மடையோரம் ஓர் அட்டை இருந்தது. அட்டை என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். இது ரத்தம் குடிக்கும் அட்டை இல்லை. நத்தையைத் தின்று வாழும் வகை. குஞ்சுகளை வயிற்றில் ஒட்டவைத்துக்கொண்டே திரியும்.

ஒருநாள் மடையைத் திறந்தார்கள். பாய்ந்த தண்ணீர் ஒரு குஞ்சைப் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மற்றவை வளர்ந்து தம் வழியே போயின. அட்டைக்கு அந்த ஒன்றின் நினைப்பாகவே இருந்தது. அது ஒட்டியிருந்த இடத்தை வளைந்து வளைந்து தொட்டுப் பார்க்கும்.

இதைக் கெளுத்தி மீன் கவனித்தது. சேற்றுக்குள் புழுக்கள் புதைந்து கிடந்தன. நோண்டி எடுக்க அதற்குச் சோம்பல்.

“உன் பிள்ளை சேத்துக்குள்ளதான் இருக்கு தாயி. கிளறிப் பாரு,” என்றது.

“பாத்தா அடையாளம் தெரியுமா அண்ணே? இந்நேரம் வளந்திருக்குமே.”

“உடம்பெல்லாம் வளையம் வளையமா இருக்கும். உன்னை மாதிரியே.”

புழுவுக்கும் வளையம் உண்டு என்பது பாவம், அட்டைக்குத் தெரியாது. அன்றிலிருந்து பசி தூக்கம் மறந்து கிளறியது. ஒரு புழு மேலே வந்தால் போதும், “என் கண்ணே” என்று நெருங்கும். அதற்குள் கெளுத்தி விழுங்கிவிடும்.

“இது உன் பிள்ளை இல்லை தாயி, நான் பாத்துட்டேன். அடுத்ததைக் கிளறு.”

இப்படியே பத்து நாள். கெளுத்தி கொழுத்தது. அட்டை நூலாய் இளைத்தது.

பதினோராம் நாள் ஒரு புழுவை அட்டையே முதலில் பிடித்துவிட்டது.

“நீ என் பிள்ளைதானே? ஆமாம்னு சொல்லிடேன்.”

“சொன்னா நான் உயிர் தப்பலாம்தான்,” என்றது புழு. “ஆனா உன்னைப் பாத்தா பொய் சொல்ல மனசு வரலை அக்கா. என்னைத் தொட்டுப் பாரு, சின்னச் சின்ன முடி குத்தும். உன் உடம்புல அது கிடையாது. நீ ரெண்டு முனையாலயும் கெட்டியா ஒட்டிக்குவ. எனக்கு ஒட்டவே வராது. ஒட்டத் தெரிஞ்ச பிள்ளை சேத்துல ஏன் கிடக்கப்போகுது? அதோ, அந்தக் கல்லுக்கு அடியில பாரு.”

“அதை நம்பாதே தாயி!” என்று கெளுத்தி பாய்ந்து வந்தது. அட்டை புழுவைச் சேற்றுக்குள் அழுத்திவிட்டுக் கல்லை நோக்கி நகர்ந்தது.

கல்லடியில் ஓர் இளம் அட்டை ஒட்டிக்கொண்டிருந்தது.

“அம்மா, நீ கிளறுறது தினமும் கேட்டுச்சு. நானும் கூப்பிட்டுக்கிட்டேதான் இருந்தேன். சேத்தைக் கிளறுற சத்தத்துல உனக்குத்தான் கேக்கலை.”

தாய் அதன் அருகே ஊர்ந்து போனது. வயிற்றைக் காட்டியது. பிள்ளை இப்போது அங்கே அடங்கவில்லை. ஆனாலும் வந்து ஒட்டிக்கொண்டது.

ஏங்கித் தவிக்கும் நேரத்தில் ஆசை வார்த்தை சொல்பவரை நம்பிவிடாமல், தேடுவதன் அடையாளத்தை நாமே சரியாக அறிந்துகொண்டு தேட வேண்டும்.